ஊரின் இரண்டாவது சலூன்

அந்த ஊரில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஒரு சலூன்தான். ஆகவே கடைத்தெருவில் முன்னால் நடந்து போகிற எந்த ஆணின் பிடரியைப் பார்த்தாலும் சலூன்காரருக்குத் தன் கையெழுத்தைத் தானே வாசிக்கிற மாதிரி இருக்கும். இது போன வாரம் வெட்டியது, இது மாதம் தாண்டிவிட்டது, இந்த ஆள் நாளைக்கு வந்தே ஆகவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடப்பார். ஊரில் அவர் கை படாத ஆண் தலை ஒன்றே ஒன்று உண்டு. அது அவருடைய தலை. அதை அவர் மனைவி மாதம் ஒருமுறை சமையலறை முக்காலியில் உட்காரவைத்துத் தையல் கத்தரியால் வெட்டுவாள். ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். எலி கரண்டின மாதிரி இருக்கிறதே என்று ஊரே நினைக்கும், ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். கையில் சவரக்கத்தி வைத்திருக்கிற மனுஷனிடம் யார் வம்பு வளர்ப்பார்கள்?

இப்படி நிம்மதியாக இருந்த ஊருக்குத்தான் இரண்டாவது சலூன் வந்தது.

எதிர்ச்சாரியில் நாலு கடை தள்ளி, மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஓர் அறை. ஒருநாள் காலையில் பார்த்தால் கதவு திறந்திருக்கிறது, சுவர் வெள்ளையடித்திருக்கிறது, வாசலில் இடுப்பளவு அரைக்கதவு தொங்குகிறது. வெளியூர் ஆள் ஒருவர், நாற்பது நாற்பத்தைந்து வயசு இருக்கும், ஒரு சுழல் நாற்காலியைத் தன்னந்தனியாக உருட்டிக்கொண்டு உள்ளே போனார். மத்தியானத்துக்குள் ஊர் அவருக்குப் பேர் வைத்துவிட்டது. ‘புதுசு’ என்று.

சலூன்காரருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரில் இருக்கிற தலைகள் ஒரு சலூனுக்கே அளவாகத்தான் இருந்தன. அதை இரண்டாகப் பங்கு போட்டால் ஆளுக்கு அரைவயிறு. வாடகையும் வீடும் இந்த ஒரு கத்தரியை நம்பித்தான் ஓடின. வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

ஆனால் கடைத்தெரு சங்கம் என்று ஒன்று இருந்தது. அது சும்மா விடுமா? அன்று சாயங்காலமே தலைவர் ஆள் ஆளாகப் பார்த்துச் சொல்லிவிட்டார். தலைவர் என்றால் இரும்புக்கடைக்காரர். ஆணியிலிருந்து அண்டாக் கைப்பிடி வரைக்கும் விற்பவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஊரே அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடும், அவர் வீட்டம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவதாகக் கேள்வி.

“நம்ம ஆள் ஒருத்தரும் அந்தக் கடையில கால் வைக்கக்கூடாது. வச்சா மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு மன்னிப்புக் கேக்கணும். இன்னைக்கு சலூன் வரும். நாளைக்கு இன்னொரு இரும்புக்கடை வரும். விட்டுட்டு வேடிக்கை பார்ப்போமா?”

இரும்புக்கடை என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் நடுங்கியதைச் சலூன்காரர் கவனித்தார்.

சங்கத்துக்கு ஒரு பெருமை உண்டு. நாங்கள் பொறாமையால் யாரையும் விரட்டுவதில்லை, தரம் பார்த்துத்தான் விரட்டுவோம் என்பார்கள். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். வெளியாள் கடை போட்டால், அதே தொழிலில் இருக்கிற உள்ளூர்க்காரர் அந்தச் சரக்கைச் சோதித்துப் பார்க்கவேண்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து, “நான் பார்த்தேன், சரியில்லை” என்று தன் வாயால் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் போதும், கட்டட உரிமையாளர் சங்கத்தின் பேச்சைத் தட்டமாட்டார், வந்தவர் மூட்டை கட்டவேண்டியதுதான். முன்பு ஒரு செருப்புக் கடை வந்தபோது உள்ளூர்ச் செருப்புக்கடைக்காரர் ஒரு ஜோடியை வாங்கி மாதம் முழுக்கப் போட்டு நடந்தார். கூட்டத்தில் அவர் எழுந்து நின்ற அதே நேரத்தில் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. இதைவிடச் சாட்சி வேண்டுமா? பிற்பாடு அவர் மகன், அப்பா அந்தச் செருப்பை முந்தின நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார் என்று ஒருமுறை உளறினான். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சலூன் விஷயத்தில்தான் சங்கம் முதல்முறையாகத் தானே போட்ட முடிச்சில் தானே மாட்டியது. செருப்பை வாங்கிப் பார்க்கலாம், சோப்பைத் தேய்த்துப் பார்க்கலாம். முடிவெட்டை எப்படிப் பார்ப்பது? வெட்டின தலையைத்தான் பார்க்கவேண்டும். யாரும் போகக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டாகிவிட்டது, ஊரும் ரொம்ப யோக்கியமாக அதைக் காப்பாற்றியது. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. புதுசு வெட்டின தலை என்று ஒன்றுகூடத் தெருவில் நடமாடவில்லை.

முதலில் சலூன்காரருக்கு இது சந்தோஷமாகத்தான் இருந்தது. பத்து நாள் போனதும் அந்தச் சந்தோஷத்தில் ஓர் அரிப்பு வந்தது. எப்படி வெட்டுவான்? கையில் பதம் உண்டா, இல்லை வெறும் கத்தரிச் சத்தம் மட்டும்தானா? இருபத்திரண்டு வருஷமாக அவர் இன்னொருத்தர் வேலையைக் கண்ணால் பார்த்ததில்லை. தான் நல்லா வெட்டுகிறோமா என்பதே தனக்குத் தெரியாதோ என்று ஒருநாள் சவரம் செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று தோன்றி, கத்தியை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா நின்றார். நாற்காலியில் இருந்தவர் நுரையோடு பயந்துபோய்க் கண்ணைத் திறந்தார்.

அவர் கடைக் கண்ணாடியில் எதிர்ச்சாரி முழுக்கத் தெரியும். முடி வெட்டிக்கொண்டே கண்ணாடிவழியாக அந்த அரைக்கதவையே பார்ப்பார். கதவுக்குக் கீழே இரண்டு கால் தெரியும். கால் நாற்காலியைச் சுற்றி வரும், நிற்கும், திரும்ப வரும். யாருமே இல்லாத கடையில் அந்தக் கால் என்னத்தைச் சுற்றுகிறது? இதை நினைத்து நினைத்து ஒருநாள் தபால்காரரின் கிருதாவை ஒரு பக்கம் அரை அங்குலம் மேலே ஏற்றிவிட்டார்.

மூன்றாவது வாரம் ஒரு பஸ் டிரைவர் அந்த அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். வெளியூர் டிரைவர், பஸ் அரைமணி நேரம் நிற்கும், சங்கத்துக் கட்டுப்பாடு அவருக்கு எங்கே தெரியும்! சலூன்காரர் கண்ணாடியில் அதைப் பார்த்தார். நாற்காலியில் ரொட்டிக்கடைக்காரர் பாதித் தலையோடு இருந்தார். ரொட்டிக்கடைக்காரர் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி, சொந்த மச்சான்.

“மச்சான், இங்கேயே இரு. அசையாதே.”

“அத்தான், பாதிதான் ஆகியிருக்கு!”

சலூன்காரர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் டிரைவர் குறுக்குச் சந்தால் வந்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தலையில் தொப்பி, கழுத்தில் துண்டு. பிடரி என்று சொல்வதற்கு ஒரு விரற்கடைகூட வெளியே தெரியவில்லை. பஸ் நகர்ந்தது. ஆனது ஆகட்டும் என்று சலூன்காரர் தொற்றி ஏறி, டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார்.

“எங்க போகணும்?” என்றார் கண்டக்டர்.

“அவர் தொப்பியைக் கழட்டுற வரைக்கும்.”

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். டிரைவர் கண்ணாடியில் இதைப் பார்த்துத் தொப்பியை இன்னும் அழுத்திப் போட்டுக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் சலூன்காரரை இறக்கிவிட்டார்கள். வெயிலில் மூன்று மைல் நடந்து திரும்பி வந்தபோது மச்சான் பாதித் தலையோடு, கழுத்தில் துணியோடு, நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்கு நாலே நாள் இருந்தது. அன்று சாயங்காலம் தலைவர் சலூன் வாசலுக்கே வந்தார். “என்னப்பா, பார்த்துட்டியா? சனிக்கிழமை என்ன சொல்லப்போற?”

“பார்த்துக்கிட்டே இருக்கேண்ணே.”

“பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? சரியில்லைன்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது.”

பார்க்காமலே சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவருக்கு என்னவோ நாக்கு வரவில்லை. நியாயம் தர்மம் எல்லாம் இரண்டாம்பட்சம். பார்க்காமல் சொல்லிவிட்டால் புதுசு போய்விடுவான், அப்புறம் அவன் எப்படி வெட்டுவான் என்பது சாகும்வரைக்கும் தெரியாமலே போய்விடும். அந்த நினைப்புதான் அவரைத் தூங்கவிடவில்லை.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணி. சாப்பாட்டுக்காகக் கடைகள் எல்லாம் பாதி ஷட்டரை இறக்கியிருந்தன. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. சலூன்காரர் திருடன் மாதிரி சுவரோரமாக நடந்து, அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே ஒரே ஒரு நாற்காலி. பழசுதான், கால் வைக்கும் இடத்துக்கு மட்டும் புது ரப்பர். துண்டுகள் வெளுத்து, ஒரே அகலத்தில் மடித்து அடுக்கியிருந்தன. சீப்புகள் நின்ற கண்ணாடி டம்ளரில் தண்ணீர் அன்றைக்கு மாற்றின தண்ணீர். தரையில் ஒரு முடி இல்லை. ஆனாலும் தரையில் துடைப்பக் கோடுகள் புதிதாக இருந்தன. மூன்று வாரமாக அந்த ஒரு டிரைவரைத் தவிர யாருமே வராத கடையை இந்த மனுஷன் தினமும் பெருக்கி, தண்ணீர் மாற்றி, துண்டு மடித்துவைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

“வாங்கண்ணே, உக்காருங்க.”

உட்கார்ந்தார். துணியைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, இறுக்குகிறதா என்று ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, புதுசு அவர் தலையை வலப்பக்கமும் இடப்பக்கமும் நின்று பார்த்தார். பின்னால் போய் இன்னும் நிறைய நேரம் பார்த்தார். சலூன்காரருக்கு வெட்கமாக இருந்தது. மனைவியின் தையல் கத்தரி செய்த வேலை அத்தனையும் அங்கே எழுதி வைத்த மாதிரி இருக்குமே.

புதுசு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டார்:

“எப்படி வெட்டணும்?”

சலூன்காரர் வாயைத் திறந்தார். அவருக்குத் தெரியவில்லை. ஐம்பது வயசுக்கு அவரிடம் இதை யாரும் கேட்டதில்லை. அது போகட்டும், அவர் யாரிடமாவது கேட்டிருக்கிறாரா? ‘உட்காரு’, ‘தலையைக் குனி’, ‘ஆச்சு’. இருபத்திரண்டு வருஷமாக இந்த மூன்றையும் வைத்துத்தான் தொழில் நடந்திருக்கிறது. வருகிறவன் தலை, வெட்டுகிறவர் கை. இதில் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் இருந்தார்.

“முடி வெட்டணும்,” என்றார் கடைசியில்.

புதுசு சிரிக்கவில்லை. “சரிண்ணே. முன்னாடி நெத்தி தெரியணுமா, மறையணுமா?”

“தெரியட்டும்,” என்று சட்டென்று வந்தது. தனக்கு இதில் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

“காலையில எந்தப் பக்கம் சீவுவீங்க? வியர்க்கிற வேலையா? பின்னாடி சட்டைக் காலர் உரசுதா?”

ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்த பையன் மாதிரி உள்ளுக்குள் ஒரு குஷி.

கத்தரி ஓட ஆரம்பித்தது. சலூன்காரர் கண்ணை மூடிக்கொண்டு காதால் பார்த்தார். அவசரமில்லாத கை. வீண் சத்தம் இல்லை, காற்றை வெட்டுகிற பழக்கம் இல்லை. பிடரிக்கு வந்தபோது மட்டும் அவருக்கே மூச்சு நின்றது, அவ்வளவு பதமாகச் சீப்பைச் சாய்த்து ஏற்றினான். இது என்னால் முடியாது என்று மனசு ஒத்துக்கொண்டது. உச்சிச் சுழிக்கு வந்ததும் கை ஒரு நொடி தயங்கியது. ஒருமுறை வெட்டி, திரும்ப வந்து வெட்டினான். ஆஹா, இங்கே தடுமாறுகிறான், இங்கே நான்தான் கெட்டிக்காரன் என்று இன்னொரு மனசு துள்ளியது.

“எந்த ஊரு?” என்று கேட்டார்.

“தூரம்ணே. எங்க தெருவுலேயே எட்டு சலூன். ஒன்பதாவதா இருக்க முடியாது. ஒண்ணு இருக்கிற ஊர்ல ரெண்டாவதா இருக்கலாம்னு தேடிக்கிட்டு வந்தேன்.”

“அதுக்கு இந்த ஊர்தான் கெடைச்சுதா?”

“பஸ்ல போய்க்கிட்டிருந்தேன். ஜன்னல் வழியாப் பார்த்தா இங்க எல்லாருக்கும் ஒரே தலை. ஒல்லி, குண்டு, கிழவர், பையன், எல்லாருக்கும் ஒரே தலை. வேலை சுத்தமா இருந்துச்சு. ஆனா ஒரே தலை. சரி, இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குன்னு இறங்கிட்டேன்.” புதுசு கத்தரியைத் துடைத்தார். “தப்பா நெனைக்காதீங்கண்ணே. சுத்தமான வேலைன்னுதான் சொன்னேன்.”

“நான் ஏன் தப்பா நெனைக்கணும்?”

“உங்க கட்டைவிரல்ல காய்ப்பு இருக்கு. உக்காரும்போதே பார்த்தேன்.”

சலூன்காரர் கையைத் துணிக்குள் இழுத்துக்கொண்டார். அப்புறம் ரெண்டு பேருமே சிரித்துவிட்டார்கள்.

வெளியே வரும்போதுதான் தான் செய்த மடத்தனம் உறைத்தது. யாருக்கும் தெரியாமல் போய் வரலாம் என்று திட்டம் போட்டவர், வெட்டின தலையைத் தோளில் வைத்துக்கொண்டுதான் திரும்பி வரவேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை. சுவரோரமாகவே தன் கடைக்குத் திரும்பினார், அங்கே யாரோ விட்டுப்போன கம்பளித் தொப்பி ஒன்று கிடந்தது. அந்த வெயிலில் அதை இழுத்து மாட்டிக்கொண்டார்.

ஊரை ஏமாற்றலாம். வீட்டில் நடக்குமா? அவர் மனைவி ஒரே இழுப்பில் தொப்பியைக் கழற்றினாள். அவரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள்.

“யார் வெட்டினது?”

அவர் தொப்பிக்குக் கை நீட்டினார்.

“என்னங்க, கேக்கிறேன்ல? இருபத்திரண்டு வருஷமா நான் வெட்டினேன். பிடிக்கலைன்னு ஒருநாள் சொல்லியிருக்கீங்களா?”

“பிடிக்கலைன்னு இல்லம்மா...”

“பொய் சொல்லாதீங்க. இதைப் பார்த்தாலே தெரியுது. எவ்வளவு அழகா இருக்கு.” அவள் கண்ணில் நீர் முட்டியது. கோபமா, வருத்தமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது. தையல் கத்தரியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். “உங்களுக்கு வேற ஆள் இல்லைன்னுதான் என்கிட்ட உக்காந்தீங்க. நான்தான் கைராசின்னு நெனைச்சுக்கிட்டேன்.”

அவர் ஆறுதல் சொல்லப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். வேறு ஆள் இல்லை என்றுதான். அப்படியென்றால் ஊர்? ஊர் தன்னிடம் எதனால் உட்கார்ந்தது?

சனிக்கிழமை சாயங்காலம் இரும்புக்கடைக் கிடங்கில் கூட்டம். காலி பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப்போட்டு இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சலூன்காரர் மூன்று நாளாகக் கம்பளித் தொப்பியோடு திரிவதைப் பார்த்து ஜுரம் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. மருந்துக்கடைக்காரர் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்.

“சரி,” என்றார் தலைவர். “பாதிக்கப்பட்டவர் சொல்லட்டும். பார்த்தியாப்பா?”

சலூன்காரர் எழுந்தார். சுழியில் தடுமாறுகிறான் என்று சொன்னால் போதும். பொய்கூட இல்லை. அந்த ஒரு வாக்கியத்தில் புதுசு ஊரைவிட்டுப் போய்விடுவான், தன் வீட்டு அடுப்பு பழையபடி எரியும். வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

தொப்பியைக் கழற்றினார்.

டப்பாக்களில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். எலி கரண்டின தலையையே இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துப் பழகின கண்கள். சலூன்காரர் மெதுவாகத் திரும்பி, முதுகைக் காட்டி நின்றார்.

“பின்பக்கம் பாருங்க. இந்தச் சரிவு எனக்கு வராது. உச்சியில சுழிகிட்ட கொஞ்சம் தடுமாறுறார், அங்க நான் மேல். மொத்தத்துல...” தொப்பியைக் கையில் சுருட்டினார். “மொத்தத்துல வேலை நல்லா இருக்கு. நான்தான் போனேன். மன்னிப்புக் கேக்கணும்னா கேட்டுக்கிறேன்.”

தலைவர் முகம் கறுத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “எவ்வளவு நேரம் ஆச்சு?” என்றார்.

“முக்கால் மணி.”

“வகிடு மாத்தி எடுக்கச் சொன்னா எடுப்பாரா? எனக்கு வலப்பக்கம் எடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.”

“முன்னாடி நீளமா விடுவாரா?” இது வாசலில் வேடிக்கை பார்த்து நின்ற தபால்காரர்.

டப்பாக்கள் உருண்டன. இரண்டு பேர் எழுந்து வந்து அவர் பிடரியைத் தொட்டே பார்த்தார்கள். ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். அத்தனை பேருக்கும் ஒன்று வேண்டியிருந்தது. அதைப் பல வருஷமாக மடித்து மனசுக்குள் வைத்திருந்திருக்கிறார்கள். சலூன்காரருக்கு முகம் சூடேறியது. மச்சான் பக்கம் திரும்பினார். மச்சானும் தன் சுருட்டை முடியை விரலால் இழுத்து நீளம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயுமா மச்சான்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?”

மச்சான் நெளிந்தார். “நீங்க கேக்கவே இல்லியே, அத்தான்.”

யாராவது அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. விசுவாசம் என்று அவர் நினைத்திருந்தது பாதிக்குப் பாதி வேறு போக்கிடம் இல்லாததுதான். அவர் உட்கார்ந்துகொண்டார். தலைவர் டப்பாவைத் தட்டி, புதுசு போகவேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்று கத்தினார். அவர் கை மட்டும் மேலே போயிற்று. அது சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டு இறங்கியது.

மறுநாள் ஞாயிறு. சலூனுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அறுவடை. சலூன்காரர் ஏழு மணிக்கே கடையைத் திறந்து, தரையைப் பெருக்கி, துண்டுகளை ஒரே அகலத்தில் மடித்துவைத்தார். எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. பெஞ்சு காலியாகவே இருந்தது. கண்ணாடியில் எதிர்ச்சாரி தெரிந்தது. அரைக்கதவுக்கு வெளியே ஒன்பது பேர் நின்றார்கள். முதல் ஆள் மச்சான். சலூன்காரருக்கு அந்த முதுகைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதே சமயம், உள்ளே போன மருந்துக்கடைக்காரர் எப்படி வெளியே வருவார் என்று பார்க்கிற ஆசையும் விடவில்லை. என்ன ஜென்மமோ நான் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பத்து மணிக்குத் தெருவைக் குறுக்கே கடந்து ஒருவர் வந்தார். ஒன்பது பேரும் அவரைத் திரும்பிப் பார்க்க, ஒருத்தரையும் பார்க்காமல் தலைவர் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வெட்டுப்பா. நான் வாக்கு மாறுற ஆள் இல்லை.”

சலூன்காரர் துணியைப் போட்டார். இறுக்குகிறதா என்று ஒரு விரலை விட்டுப் பார்த்தார். சீப்பை எடுத்து, ‘தலையைக் குனிங்க’ என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

“எப்படி வெட்டணும்ணே?”

தலைவர் கண்ணாடியில் முறைத்தார். “இது என்ன புதுக் கேள்வி? அவன் சொல்லிக்கொடுத்தானா?”

“ஆமாண்ணே.”

தலைவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யாரும் பக்கத்தில் இல்லை. இரும்புக்கடையில் இதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரலில் சொன்னார்:

“காது மேல கொஞ்சம் முடி விடுறியா?”

சலூன்காரர் சீப்பைக் கீழே வைத்தார்.

“எனக்குக் காது பெருசு. சின்ன வயசுல என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க தெரியுமா?”

“தெரியாதுண்ணே.”

“தெரிய வேண்டாம்.”

சலூன்காரர் அந்தக் காதுகளைப் பார்த்தார். மாதம் தவறாமல் அவரே விரலால் மடித்துப் பிடித்து, சுற்றிலும் ஒரு முடி மிச்சமில்லாமல் வழித்து எடுத்த காதுகள். தன் வேலையிலேயே இதுதான் சுத்தமான இடம் என்று உள்ளூர மெச்சிக்கொண்டதும் உண்டு. இந்த மனுஷன் இருநூறு தடவைக்கு மேல் இதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல், கண்ணாடியைப் பார்க்காமல் எழுந்து போயிருக்கிறார்.

“இன்னைக்கு வெட்டினா மறைக்க முடி இருக்காதுண்ணே. வளரணும். ஆறு வாரம் வேணும்.”

“அப்ப இன்னைக்கு?”

“இன்னைக்கு ஒண்ணும் செய்யக்கூடாது.”

துணியை அவிழ்த்து வாசலில் உதறினார். ஒரு முடிகூட விழவில்லை. அன்றைக்கு அவருக்கு வந்த ஒரே தலை அது. எதிர்ச்சாரியில் வரிசை பதினொன்றாகியிருந்தது.

தலைவர் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு படி வரைக்கும் போனவர் நின்றார். “ஆறு வாரத்துல உன் கடை இருக்குமாப்பா?”

சலூன்காரர் அந்த வரிசையைப் பார்த்தார், அப்புறம் தலைவரைப் பார்த்தார்.

“எனக்கும் அதுதான் தெரியணும். வந்து பாருங்கண்ணே.”